நண்டுத் தட்டு ஒலித்த கைகள்

பேய், பிசாசு, செய்வினை, சூனியம் எதிலும் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஒரு காலத்திலும் இருந்ததில்லை. மகளுக்கு நாவூறு கழிக்கிறேன் என்று என் மனைவி வசந்தி செத்தல் மிளகாயை அடுப்பில் போட்டு, லண்டனில் எங்கள் பிளேஸ்டோ வீட்டுப் புகை அலாரம் கத்தி, பக்கத்து வீட்டுக்காரர் பைஜாமாவோடு ஓடிவந்த கதையை இன்றைக்கும் எல்லோரிடமும் சொல்லிச் சிரிக்கிறவன் நான். அதனால் இப்போது நான் சொல்லப்போவதைக் கேட்டு நீங்கள் சிரித்தால் எனக்குக் கோபம் வராது. சிரிக்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன். இப்படிக் கதை சொல்லுகிற மற்றவர்கள் நம்புங்கள், நம்புங்கள் என்று கெஞ்சுவார்கள். நான் நம்பாதீர்கள் என்று கெஞ்சுகிறேன். எனக்கு ஒரே மகள். ஆரணி என்று பெயர், இருபத்தேழு வயது. அதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

முதலில் என் வேலையைச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் விளங்காது. பழைய பொருட்களை ஏலம் விடுகிற ஓர் இடத்தின் பின்னறையில் இருக்கிறேன். பெட்டி தூக்கத்தான் சேர்ந்தேன். ஆனால் லண்டனுக்கு வர முன் ஜெர்மனியில் பதினொரு வருடம் லேத் பட்டறையில் நின்றவன், இரும்பைக் கையில் எடுத்தால் சும்மா வைக்க மாட்டேன். அங்கே ஜப்பான் வாள்கள் வரும். வாளை விட அதிகமாக வாளின் தட்டுகள் வரும். பிடிக்கும் அலகுக்கும் நடுவே செருகியிருக்கிற, உள்ளங்கை அகல இரும்புத் தட்டு. கை வழுக்கி அலகில் போகாமல் காக்கிறது அதுதான். நடுவில், பிடிக்குள் போகிற வாளின் வால் நுழைய ஒரு துளை, சுற்றிவர பறவை, பூ, அலை என்று வெட்டு வேலை. வாள் ஒடிந்து போனாலும் தட்டைக் கழற்றி இன்னொரு வாளுக்குப் போடுவார்கள், அப்படியே முந்நூறு நானூறு வருடம் கைமாறி வந்துவிடும். அதன் வயதையும் எந்த ஊர்ப் பட்டறை என்பதையும் சொல்ல வேண்டும். படித்தவர்கள் புத்தகத்தைப் பார்த்துச் சொன்னார்கள், நான் தடவிப் பார்த்துச் சொன்னேன். ஐந்தாறு வருடத்தில் முதலில் என்னிடம் காட்டிவிட்டுத்தான் புத்தகத்தைத் திறக்கத் தொடங்கினார்கள். கொஞ்சம் தலைக்கனம் வந்தது உண்மைதான்.

எப்படிச் சொல்வது என்று கேட்பீர்கள். பழைய தட்டுக்கு ஒரு தோல் இருக்கும். துரு என்று சொன்னாலும் அது ஊத்தைத் துரு அல்ல, கத்தரிக்காய்த் தோல் போலக் கறுப்பும் ஊதாவுமாக ஒரு மினுக்கம், பல தலைமுறைக் கை பட்டு வந்தது. அந்தத் தோலில்தான் முக்கால்வாசி விஷயம் இருக்கிறது. பிறகு விளிம்பு. சுத்தியலால் அடித்து மடித்துச் செய்த இரும்பென்றால் விளிம்பில் எலும்பு மாதிரி சின்னச் சின்ன முடிச்சுகள் துருத்தும். வால் நுழையும் துளையில் செப்புத் துண்டு அடித்திருந்தால் வேறு வாளுக்கு மாற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம். கடைசியாகச் சத்தம். நூலில் தொங்கவிட்டு நகத்தால் ஒரு தட்டுத் தட்ட வேண்டும். அடித்துச் செய்த இரும்பு ஒலிக்கும். அச்சில் வார்த்த இரும்பு டொக் என்று செத்த சத்தம் போடும். ஜப்பானுக்கு உல்லாசப் பயணம் போன வெள்ளைக்காரர்களுக்கு விற்கவென்று வார்த்துத் தள்ளிய போலிகள் ஏராளம், அவை எல்லாம் டொக்தான். ஆரணி சின்னப் பிள்ளையாக இருந்தபோது இந்த விளையாட்டை நான்தான் அவளுக்குப் பழக்கினேன். சட்டி மூடி, கரண்டி என்று வீட்டில் இருந்ததையெல்லாம் நூலில் கட்டித் தட்டித் திரிந்தாள்.

சிவம் என் கூட்டாளி. ஜெர்மனியில் அகதி முகாமில் ஒரே அறை, ஒரே சட்டியில் சோறு. அவன் அங்கே வார்ப்புப் பட்டறையில் ஏழு வருடம் நின்றவன். லண்டன் வந்து மோர்டனில் வீடு வாங்கி, கடைகளுக்கு ஷட்டர் பொருத்திப் பூட்டுகிற தொழில் செய்தான். இரண்டரை வருடத்துக்கு முன் ஒரு ஞாயிறு காலை, புரட்டாதி மாதம், இரண்டு பேரும் கார் பூட் சேலுக்குப் போனோம். வீட்டுப் பழஞ்சாமான்களைக் காரில் கொண்டுவந்து மேசை போட்டு விற்கிற இடம், பெரிய கார் பார்க்கில் வருடம் முழுக்க நடக்கும். நான் பழைய உளிகள் பார்க்கப் போவேன், சிவம் என்னோடு கதைக்க வருவான். ஒரு வயதான வெள்ளைக்காரர் மேசையில் கிடந்ததைத்தான் சிவம் முதலில் கண்டான். இரும்புத் தட்டு, நடுவில் ஒரு நண்டு வெட்டியிருந்தது.

"மச்சான், இஞ்சை பாரடா. அசல் எங்கடை கடல் நண்டு. கால் எல்லாம் வடிவாய்க் கிடக்கு."

அந்தக் கிழவர் சிரித்துக்கொண்டே தட்டை ஒரு விரலில் மாட்டிப் பேனாவால் தட்டினார். ஒலித்தது. நன்றாக, நீளமாக ஒலித்தது. எங்கள் இரண்டு பேர் காதிலும் விழுந்தது. சிவம் அந்த இடத்திலேயே வாங்கிவிட்டான்.

வீட்டுக்கு வந்து நூலில் கட்டித் தட்டினால் டொக். நான் தட்டினாலும் டொக், அவன் தட்டினாலும் டொக். கிழவர் எங்களை ஏமாற்றியிருக்கிறார், மேசையில் கிடந்த பீங்கானிலோ கண்ணாடியிலோ பேனா பட்டிருக்கும் என்று நான் சொன்னேன். மேற்பரப்பும் கொஞ்சம் மணல் மணலாக இருந்தது. அதனால் வார்ப்பு, போலி, நூறு வருடத்துக்கு மேல் போகாது என்று தீர்ப்பும் சொல்லிவிட்டேன். சிவம் ஒத்துக்கொள்ளவில்லை.

"நான் ஏழு வருசம் வார்ப்போடை மாரடிச்சவன். எனக்கு வார்ப்பு காட்டுறியோ? அந்தாள் அடிக்கேக்கை உன்ரை காதென்ன புல்லு மேயப் போனதோ?"

இரண்டு வருடம் இதே சண்டை. கலியாண வீட்டில் கண்டாலும், கோயில் தேரில் கண்டாலும் நண்டில்தான் வந்து நிற்பான். ஏலக் கடையில் ஒவ்வொரு பொருளுக்கும் நான் ஒரு சின்ன அட்டை எழுதுவேன், இன்ன காலம், இன்ன ஊர் என்று. அந்த மாதிரி ஓர் அட்டை தன் நண்டுக்கும் என் கையெழுத்தில் வேண்டும் என்று கேட்டான். வெற்று அட்டை ஒன்றை என்னிடமே பறித்துக்கொண்டு போய்த் தட்டோடு வைத்திருந்தான். எழுதியிருக்கலாம். யாருக்கு நட்டம்? ஆனால் எனக்கு மனதில் ஒரு சந்தேகம் இருந்தது, வாயில் ஒரு பிடிவாதம் இருந்தது. துளையில் ஒரு செப்புத் துண்டு இருந்ததும், விளிம்பில் ஒரே ஓர் இடத்தில் முடிச்சு மாதிரி ஏதோ தட்டுப்பட்டதும் எனக்குத் தெரியும். போலி செய்கிறவன் அவ்வளவு மினக்கெட மாட்டான். அதை அவனிடம் நான் சொல்லவில்லை.

போன கார்த்திகையில் சிவத்தின் மனைவி மலர் எனக்குப் போன் எடுத்தாள்.

"அண்ணை, ஒருக்கா எங்கடை வீட்டுக்கு வாங்கோ. இவர் மூண்டு நாளா என்னோடை கதைக்கிறாரில்லை."

"என்ன செய்தனீங்கள் பிள்ளை?"

"விளக்கீட்டுக்கு விளக்கெல்லாம் மினுக்கினனான். உந்த நண்டும் ஊத்தையாக் கிடந்தது. அதையும் பழப்புளி போட்டு உரஞ்சி விட்டன்."

எனக்குத் தலையில் கை போய்விட்டது. பித்தளை விளக்குக்குப் பழப்புளி போடாத தமிழ்ப் பெண் இந்த லண்டனில் இல்லை. நல்ல மனதோடு செய்திருக்கிறாள். ஆனால் புளி பட்டால் அந்தத் தோல் போச்சு. ஏதாவது வயது இருந்திருந்தால் அதுவும் குசினித் தொட்டியில் கழுவுப்பட்டுப் போச்சு.

ஞாயிறு மத்தியானம் மோர்டனுக்குப் போனேன். வெயில் நல்லாக எறித்துக்கொண்டிருந்தது, அதையும் சொல்லி வைக்கிறேன், இருட்டு, மழை, நாய் ஊளை ஒன்றும் இல்லை. மலர் குசினியில் கறி தாளித்துக்கொண்டிருந்தாள். தட்டு ஹாலில் பேப்பர் மேல் கிடந்தது. புதுக் கரண்டி மாதிரிப் பளபளவென்று, பார்க்கவே பாவமாக. கண்ணால் சொல்ல இனி ஒன்றும் மிச்சமில்லை. மிச்சம் இருந்தது சத்தம் ஒன்றுதான். நூலில் கட்டி நான் தட்டினேன். டொக்.

"தா இஞ்சை," என்று சிவம் பறித்துத் தட்டினான்.

ஒலித்தது. சன்னமாகத் தொடங்கி, அறை முழுக்கப் பரவி, நாங்கள் மூச்சை விட்டு மறுபடி இழுத்த பிறகும் நின்று ஒலித்தது. குசினிக்குள்ளிருந்து மலர் கூப்பிட்டாள்.

"ஆரப்பா சுவாமியறையிலை மணி அடிக்கிறது? நான் இன்னும் விளக்கே கொளுத்தேல்லை."

நான் வாங்கித் தட்டினேன், டொக். மலரைக் கூப்பிட்டுத் தட்டச் சொன்னேன், கையைத் துடைத்துக்கொண்டு வந்து தட்டினாள், டொக். சிவம் தட்டினால் மட்டும் ஒலிக்கிறது. லேத் பட்டறை மூளை சும்மா இருக்குமா? நூலை மாற்றினேன், விரலை மாற்றச் சொன்னேன், நான் நூலைப் பிடிக்க அவனைத் தட்டச் சொன்னேன், அவன் பிடிக்க நான் தட்டினேன். நூல் யார் கையில் இருந்தாலும் தட்டுவது சிவமென்றால் ஒலித்தது. ஒரு பத்துத் தரமாவது செய்திருப்போம். அவன் சிறுபிள்ளை மாதிரி துள்ளினான்.

"நான் சொன்னனான் தானே! பழப்புளி போட்ட பிறகுதான் வாய் திறந்திருக்குது. இப்ப எழுதடா அட்டையை."

எழுதவில்லை. ஒருவன் கையில் ஒலிப்பது சாட்சியில்லை, வேலையில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு எழுதுகிறேன் என்றேன். அவன் முகம் சுருங்கியது. பிறகு சிரித்து, சரி வா சாப்பிடுவம் என்றான். மலரோடு கதைக்கத் தொடங்கிவிட்டான், அதுவே பெரிய காரியம் என்று எனக்கும் சந்தோஷம். அன்றைக்கு என்ன கறி சாப்பிட்டோம் என்பதுகூட எனக்கு நினைவிருக்கிறது. கணவாய்.

ஒன்பதாம் நாள் சிவம் செத்துப் போனான். ஒரு கடைக்கு ஷட்டர் பூட்டப் போன இடத்தில், ஏணியால் இறங்கிவந்து கீழே குந்தியவன் எழும்பவில்லை. மாரடைப்பு. ஐம்பத்தாறு வயது, சிகரெட் இல்லை, சீனி வருத்தம் இல்லை. கிரியைக்கு நானூறு பேர் வந்தார்கள். நான் பெட்டியருகில் நின்று அவன் வலது கையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அப்போது எனக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை. அந்த அட்டையை எழுதிக் கொடுத்திருக்கலாமே என்ற ஒரே துக்கம்தான்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து எல்லோரும் சாப்பிட்டுப் போன பிறகு மலர் ஒரு துணிப் பொட்டலத்தைக் கொண்டுவந்து தந்தாள். உள்ளே நண்டும் வெற்று அட்டையும்.

"உங்களிட்டைத்தான் இருக்க வேணும் அண்ணை. நீங்கள் எக்ஸ்ரே எடுத்துச் சொல்லுவியள் எண்டு பாத்துக்கொண்டிருந்தவர்."

எக்ஸ்ரே எடுத்தேன். வேலையிடத்தில் வழக்கமாகப் பொருட்களை அனுப்புகிற இடத்தில் ஒருவரிடம் கெஞ்சிக் கேட்டு எடுத்தேன். படத்தைப் பார்த்ததும் அவர் சொன்னார், வார்ப்புத்தான், சந்தேகமே இல்லை, உள்ளே காற்றுக் குமிழிகள் நிறைய, போதாததற்கு நண்டின் காலடியில் தொடங்கி விளிம்பு வரை ஒரு மயிரிழை வெடிப்பும் ஓடுகிறது, இது எந்தக் காலத்திலும் ஒலித்திருக்காது என்றார். ஒலித்ததை நான் என் காதால் கேட்டேன் என்றேன். அவர் தோளைக் குலுக்கினார். அப்போதுதான் முதல் தடவையாக எனக்குப் பயம் பிடித்தது.

அடுத்த ஞாயிறு தனியாகக் கார் பூட் சேலுக்குப் போனேன். அந்தக் கிழவரைக் கண்டுபிடித்து, அன்றைக்கு எதில் தட்டினீர் என்று கேட்க வேண்டும், அவ்வளவுதான். அவர் மேசை போடுகிற இடத்துக்குப் பக்கத்தில் பூஞ்செடி விற்கிற ஒரு பெண் எப்போதும் இருப்பாள். கேட்டேன். அவர் செத்து இரண்டு வருடமாகிறது என்றாள். எப்போது என்றேன். புரட்டாதியில்தான் என்றாள், ஓர் ஆசியாக்காரருக்கு அந்த இரும்பை விற்ற அதே கிழமை, தூக்கத்தில் போய்விட்டார், அந்த இரும்பின் சத்தத்தை அவர் அவ்வளவு விரும்பினாரே என்றாள். அந்த ஆசியாக்காரனும் செத்துவிட்டான் என்று நான் அவளிடம் சொல்லவில்லை. ஒரு செடியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். எதற்கு வாங்கினேன் என்று தெரியாது.

இப்போது நீங்கள் கேட்பீர்கள், ஏன் அதைத் தூக்கி எறியவில்லை என்று. எறியத்தான் போனேன். தேம்ஸ் கரைக்குப் போய் வாப்பிங் பக்கம் படியில் நின்றேன். கீழே வற்றிய சேற்றில் ரப்பர் சப்பாத்துப் போட்ட நாலைந்து பேர் குனிந்து நின்று பழைய ஆணி, பழைய காசு, உடைந்த மண் புகைக்குழாய் என்று பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். லண்டனில் ஆற்றில் எறிவது ஒன்றும் ஆற்றில் கிடப்பதில்லை. ஒருவர் எடுப்பார், கழுவுவார், பெறுமதி கேட்க ஏலக் கடைக்குக் கொண்டுவருவார், என் மேசைக்கே வரும். வருவதற்குள் எத்தனை பேர் தட்டிப் பார்த்திருப்பார்கள்? உருக்கலாம் என்றால் உருக்குகிறவன் கையில் அது ஒலித்துத் தொலைத்தால்? இன்னொன்றும் எனக்குத் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியாது. அது ஆளைக் கொல்கிறதா, அல்லது போகப்போகிற ஆளைச் சொல்கிறதா? சொல்லத்தான் செய்கிறது என்றால் உடைத்து என்ன பிரயோசனம். பெயின்ட் டின் ஒன்றுக்குள் பழந்துணியில் சுற்றி வைத்து, மூடியை இறுக்கி, பின்வளவு ஷெட்டில் மேல் பலகையில் வைத்தேன். நான் எத்தனையோ தரம் தட்டியும் டொக்தான் என்பதால் எனக்காகப் பயப்படவில்லை. வீட்டில் யாருக்கும் சொல்லவும் இல்லை. என்னவென்று சொல்வது? மிளகாய்க் கதையைச் சொல்லிச் சிரித்த வாயால் இதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தை நினைத்து இப்போது என்னை நானே செருப்பால் அடிக்க வேண்டும் போல இருக்கிறது.

பங்குனியில் ஒரு சனிக்கிழமை. காலை பதினொரு மணி இருக்கும். ஆரணிக்கு அன்றைக்கு லீவு. அவள் வெம்பிளியில் ஒரு கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவள், தன் அறைச் சுவருக்கு மஞ்சள் பெயின்ட் அடிக்கப் போகிறேன் என்று ஒரு கிழமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் முன் அறையில் தேத்தண்ணியோடு இருந்தேன். வசந்தி மாடியில் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள்.

குசினிப் பக்கமிருந்து அந்தச் சத்தம் வந்தது.

மேலேயிருந்து வசந்தி கேட்டாள். "ஆரது மணி அடிக்கிறது? பிள்ளை, குளிக்காமல் சுவாமியறைக்குள்ளை போகாதை!"

கோப்பை எங்கே விழுந்தது என்று எனக்குத் தெரியாது. குசினி வாசலில் ஆரணி நின்றாள். காலடியில் மூடி திறந்த பெயின்ட் டின், ஒரு கை விரலில் நூல், நூலில் நண்டு. வெளிச்சத்தில் அது ஆடிக்கொண்டே இன்னும் ஒலித்துக்கொண்டிருந்தது. அவள் சிரித்தாள்.

"அப்பா, லிஸன்! நீங்க சின்னனிலை காட்டித் தந்தீங்களே, நூல் கட்டித் தட்டுறது. ஸோ நைஸ். இதை ஏன் ஷெட்டுக்குள்ளை போட்டு வச்சிருக்கிறீங்க?"

பறித்தேன். அவள் பயந்துபோனாள், அப்படிப் பறித்தேன். தட்டினேன். டொக். மறுபடி, மறுபடி. டொக், டொக். "அப்பா, ஆர் யூ ஓகே?" என்று என் தோளைப் பிடித்தாள். அவள் கை சூடாக இருந்தது. நான் ஒன்றுமில்லை, துருப் பிடித்தது, கையை வெட்டிவிடும் என்று ஏதோ உளறினேன்.

அன்றிலிருந்து என் பிழைப்பைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள், சிரியுங்கள். திங்கட்கிழமையே நெஞ்சுக்குள் ஏதோ செய்கிறது என்று பொய் சொல்லி, அவளையும் இழுத்துக்கொண்டு போய், நம் குடும்பத்தில் மாரடைப்பு ஓடுகிறது, பிள்ளையையும் பாருங்கள் என்று டாக்டரிடம் மன்றாடினேன். இரத்தம், ஈசிஜி எல்லாம் எடுத்தார்கள். எல்லாம் நோர்மல். டாக்டர் என்னைத்தான் ஒரு மாதிரிப் பார்த்தார். சிவத்துக்கு ஒன்பது நாள், கிழவருக்கு ஒரு கிழமை, அப்படியென்றால் பத்து நாளைத் தாண்டிவிட்டால் போதும் என்று நான் கணக்குப் பண்ணினேன். அந்தப் பத்து நாளும் அவளை ரயிலில் போக விடவில்லை. பிளேஸ்டோவிலிருந்து வெம்பிளிக்குக் காரில் கொண்டுபோய் விட்டேன், மணிக்குப் பதினைந்து மைலைத் தாண்டாமல், பஸ்காரன் எல்லாம் எனக்கு ஹோர்ன் அடிக்க. ஒன்பதாம் நாள் எனக்குத் தலைசுற்று என்று படுத்துக்கொண்டு அவளை வேலைக்குப் போகவிடாமல் வைத்தேன். பாவம், சூப் வைத்துத் தந்தாள். அவள் கரண்டியோடு நடந்துவருவதையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். வசந்தி என்னிடம் கேட்டாள்.

"என்னப்பா உங்களுக்கு? சிவண்ணை போனதிலை இருந்து ஆளே சரியில்லை. ஆரிட்டையும் போய்க் கதைச்சால் என்ன?"

ஓம், போறன் என்றேன். அவளுக்குச் சொல்ல ஏலாது. சொன்னால் அவள் நம்புவாள். அதுதான் பிரச்சினை.

பத்தாம் நாள் போனது, பதினொன்று போனது. பன்னிரண்டாம் நாள் ஆட்டிறைச்சி வாங்கிவந்து நானே சமைத்தேன். வெடிப்பு விழுந்த ஓர் இரும்பு, செத்துப்போன இரண்டு பேர், இரண்டையும் முடிச்சுப் போட்டது என் விசர் மூளை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சந்தோஷத்தில் கால் நிலத்தில் படவில்லை. அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் நான் எதையும் முழுதாகச் சரிபார்க்காமல் அட்டை எழுதாதவன். கிழவர் எத்தனையாம் நாள் செத்தார் என்று துல்லியமாகத் தெரிந்தால் மனம் முற்றாக ஆறிவிடும் என்று அந்த ஞாயிறு செடி விற்கிற பெண்ணிடம் போனேன்.

அவள் யோசித்துவிட்டுச் சொன்னாள். அந்த இரும்பு அவரிடம் பல வருடம் கிடந்தது, மேசை விரிப்புக் காற்றில் பறக்காமல் பாரம் வைப்பார், எத்தனையோ தரம் தட்டியும் ஒலித்ததில்லை, செத்த இரும்பு என்று பகிடி பண்ணுவார். பிறகு ஒரு சித்திரை, வைகாசி போல, சும்மா தட்டிப் பார்த்தபோது திடீரென்று பாடியதாம். மனுஷனுக்கு அப்படி ஒரு ஆனந்தம், அந்தக் கோடை முழுக்க வருகிற போகிற எல்லோருக்கும் தட்டிக் காட்டிக்கொண்டிருந்தாராம். அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். நான் விரல் விட்டு எண்ணினேன். நாலு மாதத்துக்கு மேல்.

அதாவது கணக்கு ஒன்றும் இல்லை. ஒன்பது நாளும் இல்லை, பத்து நாளும் இல்லை. நாளைக்கும் இருக்கலாம், இன்னும் மூன்று மாதத்திலும் இருக்கலாம், ஐம்பது வருடத்திலும் இருக்கலாம். ஐம்பது வருடம் என்றால் எல்லோரும் போகிறவர்கள்தானே, அந்த இரும்பு யார் கையிலும் ஒலிக்கலாம்தானே என்று நீங்கள் சொல்வீர்கள். நானும் அப்படித்தான் எனக்குச் சொல்லிப் பார்க்கிறேன். ஆனால் என் கையில் ஒலிக்கவில்லையே. ஐம்பத்தெட்டு வயது, பிரஷர், கொலஸ்ட்ரோல், எல்லாம் எனக்குத்தான் இருக்கிறது. அவளுக்கு ஒன்றும் இல்லை.

இன்றோடு ஏழு கிழமை. இப்போது அவளை நான் காரில் ஏற்றுவதில்லை, சண்டை பிடித்து ரயிலிலேயே போகிறாள். கடைக்குப் போய்ச் சேர்ந்ததும் மெசேஜ் போட வேண்டும் என்பது மட்டும் ஒப்பந்தம். அட்டையை எழுதிவிட்டேன், சிவத்துக்காக. பழைய இரும்பு, நல்ல பட்டறை, நல்ல ஓசை என்று என் கையெழுத்தில் எழுதி மலரிடம் கொடுத்தேன். அவள் அதை அவன் படத்துக்குக் கீழே வைத்து அழுதாள். தட்டை மட்டும் என்னிடமே வைத்துக்கொண்டேன்.

ஏன் என்றால், காலையில் ஆரணி கதவைச் சாத்திக்கொண்டு போன பிறகு, வசந்தி குளிக்கப் போகிற நேரம் பார்த்து, நான் ஷெட்டுக்குப் போகிறேன். டின்னைத் திறந்து, நூலை இடது கை விரலில் மாட்டி, வலது கை நகத்தால் தட்டுகிறேன். கோயிலில்கூட எதையும் இப்படிக் கேட்டதில்லை. ஒருதரம், ஒரேயொரு தரம் என் கையில் ஒலித்துவிடு என்று கேட்கிறேன். எனக்கென்று ஒலித்தால் அவளுக்கு ஒலித்ததை அது திருப்பி எடுத்துக்கொள்ளும் என்று யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. இருந்தாலும் தட்டுகிறேன்.

இன்று காலை ஒன்பதே காலுக்கு அவள் மெசேஜ் வந்தது, வந்து சேர்ந்துவிட்டேன், கவலைப்படாதீங்க அப்பா என்று. படித்துவிட்டு மறுபடியும் தட்டினேன். டொக் என்றுதான் கேட்டது.